தேனாம்பேட்டை மண்ணுக்கு ஒரு வலை

தேனாம்பேட்டையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் வரவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சும்மா நிற்கிற நேரத்தில் உங்கள் காலடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தார் ரோடு தெரியும். யாரோ துப்பிய வெற்றிலைக் கறை தெரியும். அதற்குக் கீழே, மண்ணுக்குள்ளே, உங்களைப் போன்ற குடும்பஸ்திரீகள் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்துகொண்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, சைதாப்பேட்டைப் பக்கம் விரைந்துகொண்டிருக்கிறார்களே, அது மட்டும் தெரியாது!

2018ஆம் வருஷம் மே மாதம் 25ஆம் தேதி சின்னமலையிலிருந்து ஏ.ஜி.-டி.எம்.எஸ். வரைக்கும் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை ஆகிய பேட்டைகள் எல்லாம் அன்று முதல் பூமிக்கு அடியிலும் ஒரு வாசலைப் பெற்றன. போவதற்கு ஒரு குழாய், வருவதற்கு ஒரு குழாய். ஒவ்வொரு குழாயும் உள்ளே சுமார் 5.8 மீட்டர் அகலம். அதைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவரின் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 27½ சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

இது கீழ்வீட்டுக் கதை. மேல்வீட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையின் மேலேயே 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் கட்டுவதற்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 621 கோடி ரூபாய். எந்தச் சாலைக்கு அடியில் ரயில் ஓடுகிறதோ, அதே சாலைக்கு மேலே பாலம். கீழே ரயில், நடுவே ரோடு, மேலே பாலம். அடுக்கு டிபன் காரியர் மாதிரி இருக்கிறதல்லவா?

டிபன் காரியர் என்றதும் உங்களுக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். மேல் அடுக்கில் பாரத்தை ஏற்றினால், கீழ் அடுக்கு என்ன ஆகும்?

பாலத்தின் தூண் தன் பாரம் முழுவதையும் மண்ணின்மேல் இறக்கிவைக்கிறது. மண் அதை வாங்கிக் கீழேயும் பக்கவாட்டிலும் பங்கு போடுகிறது. அந்தப் பங்கில் சுரங்கத்துச் சுவருக்கு எவ்வளவு வரும்? ஒரு சாண் கனமுள்ள கான்கிரீட் வளையம் எத்தனை மில்லிமீட்டர் நசுங்கும்? தண்டவாளம் எவ்வளவு தாழும்? இதைக் கட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. குழம்பில் உப்புப் பார்க்கிற மாதிரி, ஒரு தூணை வைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது" என்று சொல்ல முடியுமா?

மண்ணை லேசாக நினைக்கவும் கூடாது. 2017 ஏப்ரல் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இதே அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்துக்குக் கொஞ்ச தூரத்தில், மெட்ரோ சுரங்க வேலை நடந்த இடத்தில், ரோடு திடீரென்று உள்வாங்கி, ஒரு மாநகரப் பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. பிரயாணிகள் வெளியே வந்துவிட்டார்கள். தெய்வாதீனம்தான். ஆனால் பாலம் கட்டுகிறவர்கள் தெய்வாதீனத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படியானால் வேறு எதைக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

இதை எனக்குச் சொன்னது எங்கள் எதிர் வீட்டு மாட்டுப்பெண். அவளுக்குத் தரமணிப் பக்கம் ஓர் இஞ்சினீயரிங் ஆபீஸில் உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று அவளுடைய மாமியாரைத்தான் முதலில் கேட்டேன். "அதை ஏன் கேட்கிறேள்? கம்ப்யூட்டரில் நாள் முழுக்க முக்கோணம் முக்கோணமாகப் போடுகிறாள். அதற்கு மாசா மாசம் சம்பளம் வேறு கொடுக்கிறான்!" என்றாள் அந்த அம்மாள்.

மாமியார்கள் சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கும். இதில் முக்காலே மூன்று வீசம் உண்மை. அந்தப் பெண் போடுவது முக்கோணங்களைத்தான். ஆபீஸில் அதற்கு 'மெஷ்' என்று பெயர். வலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆபீஸ் வேலையை வெளியாருக்குக் காட்டக் கூடாதாம். ஆகையால், தான் வேலை கற்றுக்கொண்ட நாளில் பயிற்சிக்காகப் போட்ட கணக்கு ஒன்றை எனக்காக எடுத்துவைத்தாள். தரைக்கு அடியில் ஒரு சுரங்கம். தரைக்கு மேலே ஒரு தூண். எந்த ஊரும் இல்லை, கற்பனை ஊர். இருந்தாலும் நான் மனசுக்குள் அதற்குத் தேனாம்பேட்டை என்றே பெயர் வைத்துக்கொண்டேன்.

"முதலில் உருவத்தைக் கட்டணும் மாமி. வலையெல்லாம் அப்புறம்தான்" என்றாள்.

உருவம் என்றால் படம் அல்ல. காகிதத்தில் போடுகிற படத்துக்கு முன்பக்கம் மட்டும் உண்டு. இதற்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் உண்டு. சுழற்றினால் சுழலும், வெட்டினால் உள்ளே தெரியும். இடத்துக்கு இடம் ஆழ்துளை போட்டு எடுத்த மண்ணைப் பார்த்து, இத்தனை மீட்டர் வரை மணல், இதற்குக் கீழே களி, அதற்கும் கீழே பாறை என்று அடுக்கு அடுக்காகக் கட்டுகிறார்கள். இரண்டு துளைகளுக்கு நடுவே மண் எப்படி வளைந்து போகிறது என்பதைத் துளை சொல்லாது. அனுபவஸ்தர்கள் ஊகித்துச் சொல்ல வேண்டும். அந்த அடுக்குகளின் ஊடே சுரங்கக் குழாயை நுழைக்கிறார்கள். மேலே தூணின் அஸ்திவாரம்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "இவ்வளவு சிரமம் எதற்கு? சுரங்கத்தைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டி, அந்த ஒரு வட்டத்தை மட்டும் பார்த்தால் போதாதா?"

நல்ல கேள்வி என்று அவள் ஒப்புக்கொண்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெண்டைக்காயை எந்த இடத்தில் நறுக்கினாலும் அதே நட்சத்திரம்தான் தெரிகிறது. ஆகவே ஒரு வில்லையைப் பார்த்தால் முழுக் காயையும் பார்த்த மாதிரி. சுரங்கம் மட்டும் தனியாக இருந்தால் அப்படி ஒரு வில்லையை வைத்துக் கணக்குப் போடலாம்; போடவும் செய்கிறார்கள். ஆனால் காயின் ஓர் இடத்தில் மட்டும் புழு இருந்தால்? எந்த வில்லையில் புழு இருக்கிறதோ அது வேறு. பக்கத்து வில்லை வேறு. தூண் என்பது அந்தப் புழு மாதிரி. இங்கே ஒன்று நிற்கும், அடுத்தது வெகு தூரம் தள்ளி நிற்கும். பாரம் சுரங்கத்தின் நீளவாட்டில் எப்படிப் பரவுகிறது என்பது ஒரு வில்லையில் அகப்படாது. மூன்று பக்கமும் வேண்டும்.

சரி, உருவம் தயார். இதற்கு நேராகவே விடை சொல்ல ஒரு சூத்திரம் கிடையாதா? ஒன்று உண்டு. புஸினெஸ்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1885இல் கொடுத்தது. தரையின்மேல் ஒரு புள்ளியில் பாரம் வைத்தால் அடியில் எந்த ஆழத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அது சொல்லிவிடும். ஆனால் அவருடைய தரை, மேலிருந்து அடிவரை ஒரே மாதிரியான தரை. அதில் மணலும் களியும் மாறி மாறி வராது. நடுவே குடைந்த குழாயும் கிடையாது. நம்முடைய தரை அவ்வளவு சாதுவானதல்லவே!

ஆகையால்தான் துண்டு போடுகிறார்கள். முழுசாகக் கணக்குக்கு அடங்காத ஒரு பொருளைச் சிறு சிறு துண்டுகளாக்கினால், ஒவ்வொரு துண்டும் சாதுவாகிவிடுகிறது. ஒரு துண்டின் மூலையைத் தள்ளினால் அது எவ்வளவு அசையும் என்பதைச் சுலபமாக எழுதிவிடலாம். அடுத்த துண்டும் அதே மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் அசையும். இப்படியே கைகோத்து, லட்சக்கணக்கான துண்டுகளுக்கு லட்சக்கணக்கான சமன்பாடுகள். அவற்றைச் சேர்த்துத் தீர்ப்பது யந்திரத்தின் வேலை. கூரண்ட் என்ற கணித மேதை 1943இலேயே முக்கோணத் துண்டுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் போயிங் விமானத்தின் இறக்கையை இப்படித் துண்டாக்கிக் கணக்கிடும் வழியைப் பிரசுரித்தார்கள். அந்த முறைக்கு இன்றைக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயரை 1960இல் வைத்தவர் கிளஃப். நம் ஊரும் சும்மா இருக்கவில்லை. கிண்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த சி. எஸ். கிருஷ்ணமூர்த்தி இந்தக் கணிதத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்துத் தேறிய இஞ்சினீயர்கள் எத்தனையோ பேர்.

துண்டு எந்த வடிவம்? தட்டையான பொருளுக்கு முக்கோணமோ நாற்கோணமோ போதும். மண்ணைப் போலக் கனமுள்ள பொருளுக்கு இரண்டு வடிவங்கள் பிரதானம். ஒன்று செங்கல். இன்னொன்று நான்முகி, பார்த்தால் சமோசா மாதிரி இருக்கும். செங்கல் ஒழுங்கானது, நல்ல விடை கொடுக்கும். ஆனால் வளைவு நெளிவுகளில் அடுக்க வராது. சமோசா எந்த இடுக்கிலும் புகுந்துவிடும். ஆனால் நான்கு மூலை மட்டும் உள்ள சாதாரண சமோசாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. வளைய வேண்டிய அளவுக்கு வளையாது. நிஜச் சுவர் வளைவதைவிடக் குறைவாக வளைந்து, "எல்லாம் பத்திரம்" என்று பொய்த் தைரியம் சொல்லும். அதனால் விளிம்புகளின் நடுவிலும் ஒவ்வொரு புள்ளியைக் கூட்டி அதன் பிடிவாதத்தைக் குறைக்கிறார்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண் சொன்னபோது தலையை ஆட்டினேனே தவிர, ஒரு விஷயம் மட்டும் உறைக்கவில்லை. வட்டமான சுரங்கத்தை நேர் நேரான துண்டுகளால் எப்படிச் செய்வது?

அவள் கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நீங்களும் வேண்டுமானால் செய்து பார்க்கலாம். வளையலுக்குள் ஆறு தீக்குச்சித் துண்டுகளை முனையோடு முனை தொட வைத்தால் அறுகோணம் வரும். நமது சுரங்கத்துக்கு அதைச் செய்தால்? 5.8 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 18.22 மீட்டர். ஆறு பக்கம் வைத்தால் 17.40 மீட்டர்தான் வருகிறது. பன்னிரண்டு பக்கம் வைத்தால் 18.01. இருபத்துநான்கு வைத்தால் 18.17. நாற்பத்தெட்டு வைத்தால் 18.21. பார்த்தீர்களா? ஆறிலிருந்து பன்னிரண்டுக்குப் போனபோது விடை அறுபது சென்டிமீட்டர் குதித்தது. இருபத்துநான்கிலிருந்து நாற்பத்தெட்டுக்குப் போனபோது நான்கு சென்டிமீட்டர்தான் நகர்ந்தது. விடை அடங்கிவிட்டது. 499ஆம் வருஷத்திலேயே நம் ஆரியபட்டர் வட்டத்தின் விகிதத்தை 3.1416 என்று கொடுத்து, அதையும் 'நெருங்கிய' மதிப்பு என்றே சொல்லிவைத்தார். என்ன அடக்கம் பாருங்கள்!

"இந்தக் குதிப்பு அடங்குகிற வரைக்கும்தான் மாமி என் வேலை. ஒரு வலையைப் போட்டு விடை வந்தால் அது விடையே இல்லை. இன்னும் நெருக்கமாக ஒரு வலை போட்டு, அதே விடை வந்தால்தான் விடை."

"அப்படியானால் முதலிலேயே ஒரேயடியாக நெருக்கமாகப் போட்டுவிட்டால் என்ன?" என்றேன் சாமர்த்தியமாக.

பதிலுக்கு ஒரு கணக்கைக் கொடுத்தாள். 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 40 மீட்டர் ஆழமுள்ள மண்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர்க் கட்டிகளாக வெட்டினால் 2 லட்சத்து 40 ஆயிரம் கட்டிகள். அரை மீட்டராக வெட்டினால் இரண்டு மடங்கா? இல்லை; மூன்று பக்கமும் பாதியாகிறதே, எட்டு மடங்கு! 19 லட்சத்து 20 ஆயிரம். கால் மீட்டர் என்றால் ஒரு கோடியே 53 லட்சத்து 60 ஆயிரம். அப்போதும் சுரங்கச் சுவரின் கனத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு கட்டிதான் நிற்கும். 27½ சென்டிமீட்டரில் 25 சென்டிமீட்டர்க் கட்டி வேறெத்தனை நிற்கும்? ஒரு சுவர் வளையும்போது அதன் ஒரு முகம் இழுபடுகிறது, மறு முகம் நசுங்குகிறது. ஒற்றைக் கட்டிக்கு அந்த வித்தியாசம் சரியாகப் புரியாது. கோடிக்கு மேல் கட்டிகளைக் கொட்டியும், எந்த இடத்துக்காகக் கவலைப்பட்டோமோ அந்த இடத்தில் போதவில்லை!

ஆகையால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக வெட்டுவது வீண்செலவு. சுவரிலும் அஸ்திவாரத்தின் அடியிலும் பொடிப்பொடியாக. தூரம் போகப் போகப் பெரிது பெரிதாக. அதுவும் படிப்படியாக. சுண்டைக்காய்க்குப் பக்கத்திலேயே பூசணிக்காயை வைத்தால் கணக்கு முரண்டு பிடிக்கும். எங்கே பொடி, எங்கே பெரிது என்று யார் தீர்மானிப்பது? மென்பொருள் தானாகவே வலை பின்னும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் பின்னிக் கொடுத்துவிடும். ஆனால் சங்கடம் எந்த இடத்தில் வரும் என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் அந்த மாமியார் குறிப்பிட்ட சம்பளம்.

வேறு சில்லறைத் தொல்லைகளும் உண்டு. வரைபடம் வரும்போது அதில் கைப்பிடிக் கம்பி, விளக்கு மாட்டும் கொக்கி, சின்னத் துளைகள் என்று எல்லாம் இருக்கும். கொக்கியை எறிந்துவிடலாம். துளையை எறியலாமா? துளை சுவரைப் பலவீனப்படுத்தினால் எறியக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நின்று யோசிக்க வேண்டும். இரண்டு பரப்புகள் கண்ணுக்கு ஒட்டியிருப்பது போலத் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் மயிரிழை இடைவெளி. அதை ஒட்டாமல் விட்டால், தையல் போடாத துணி மாதிரி, மேல் அடுக்கு மண் ஒரு பக்கமும் கீழ் அடுக்கு ஒரு பக்கமும் போகும். ஒரு துண்டின் மூலை அடுத்த துண்டின் மூலையோடு சேர வேண்டும். நடு விளிம்பில் போய் முட்டக் கூடாது.

சுரங்கம் குடைவதற்கு முன்னால் அங்கே மண் இருந்ததே, அதையும் மறக்கக் கூடாதாம். வலை போடும்போது குழாய்க்குள்ளும் மண் துண்டுகளை நிரப்பிவைக்கிறார்கள். கணக்கு ஆரம்பிக்கும்போது முழு மண். பிறகு உள் மண்ணை எடுத்துவிடு. சுற்றியுள்ள மண் கொஞ்சம் தளரட்டும். பிறகு கான்கிரீட் வளையத்தை வை. எல்லாம் அடங்கிய பிறகு கடைசியாகத் தூணின் பாரத்தை இறக்கு. நிஜத்தில் எந்த வரிசையில் நடந்ததோ அதே வரிசை. மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு போலிருக்கிறது.

துண்டுகளின் அழகும் முக்கியம். மூன்று பக்கமும் ஏறத்தாழச் சமமான முக்கோணம் உத்தமம். ஊசி மாதிரி ஒல்லியான முக்கோணமும், யாரோ மேலே உட்கார்ந்துவிட்ட மாதிரி நசுங்கிய சமோசாவும் அதமம். அவை பொய் சொல்லும். டெலோனே என்ற ருஷ்யக் கணித வல்லுநர் 1934இல் இதற்கு ஒரு நல்ல விதி கொடுத்தார். எந்த முக்கோணத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் மூன்று மூலைகளையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம் போட்டால், வேறு எந்தப் புள்ளியும் அந்த வட்டத்துக்குள் அகப்படக் கூடாது. தட்டையான பரப்பில் இந்த விதிப்படி புள்ளிகளைச் சேர்த்தால் ஒல்லி முக்கோணங்கள் கூடியவரை தவிர்ந்துபோகும். மூன்று பரிமாணத்தில் இந்த விதியையும் ஏமாற்றிக்கொண்டு சில நசுங்கல்கள் உள்ளே வந்துவிடுகின்றன. அவற்றைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். டெலோனே மலையேறுவதிலும் சூரராம். சமவெளியில் நிம்மதி இல்லாதவர் போலும்.

"இத்தனை பண்ணி, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் என்ன? குடியா முழுகிவிடும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"முழுகித்தான் போச்சு மாமி" என்றாள்.

நார்வே தேசத்தில் நடந்தது இது. வடகடலில் எரிவாயு எடுப்பதற்காக 'ஸ்லைப்னர் ஏ' என்ற பிரம்மாண்டமான மேடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் அடிப்பகுதி முழுவதும் கான்கிரீட். உருண்டைத் தொட்டிகள் மாதிரி 24 அறைகள்; அவற்றில் நான்கு மட்டும் உயர்ந்து எழுந்து தூண்களாக நிற்கும். மூன்று டம்ளர்களை ஒட்டி வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு முக்கோண இடுக்கு உண்டாகிறதல்லவா? அந்த மேடையிலும் அறைகளுக்கு நடுவே அப்படிப்பட்ட இடுக்குகள். அவற்றுக்குள் கடல் தண்ணீர் நின்று சுவரை அழுத்தும்.

1991 ஆகஸ்ட் 23ஆம் தேதி, ஸ்டவாங்கர் நகருக்கு அருகே ஒரு கடற்கழியில், அதைத் தண்ணீருக்குள் மெள்ள மெள்ளத் தாழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு சத்தம். ஓர் இடுக்கின் சுவர் பிளந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. இறைக்கிற யந்திரங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் மேடையின் அடிப்பகுதி முழுவதும் கடலுக்குள் போய், சுக்குநூறாகிவிட்டது. அது அடியில் மோதிய அதிர்ச்சி பூகம்பமானியில் ரிக்டர் 3 என்று பதிவாயிற்று! நஷ்டம் சுமார் 70 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

காரணம் தேடினார்கள். சிமெண்டில் கலப்படமா? இல்லை. புயலா? இல்லை. அந்த முக்கோண இடுக்கின் சுவர்களுக்குப் போட்ட வலை சரியில்லை! பெரிய பெரிய துண்டுகள், கோணலான துண்டுகள். சுவரை வெட்டப் பார்க்கும் விசையை அந்த வலை 47 சதவிகிதம் குறைத்துச் சொல்லிவிட்டது. நூறு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஐம்பத்துமூன்று என்றது. யந்திரம் கூட்டியதில் தப்பில்லை. கொடுத்ததைத் திருத்தமாகக் கூட்டிற்று. அதை நம்பிச் சுவரை மெல்லிசாகக் கட்டினார்கள். உள்ளே வைத்த கம்பியிலும் சில போதிய நீளம் இல்லை. விபத்துக்குப் பிறகு நல்ல வலையாகப் போட்டுப் பார்த்தபோது, 62 மீட்டர் ஆழத்து நீரழுத்தத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்! இந்த விடை முன்னாலேயே வந்திருக்கலாம். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. அடுத்த மேடையைக் கட்டும்போது கணினியை மட்டும் நம்பாமல் பேனாவும் காகிதமுமாகக் கையாலும் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

இதைக் கேட்ட பிறகு, திரையில் தெரிந்த வண்ணப் படத்தை நான் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். விடையை அவர்கள் வர்ணங்களில் காட்டுகிறார்கள். அழுத்தம் குறைந்த இடம் நீலம், அதிகமான இடம் சிவப்பு, நடுவில் பச்சையும் மஞ்சளும். காஞ்சீபுரத்துப் புடவை தோற்றுவிடும், அவ்வளவு ஜோர். மோசமான வலையும் இதே வர்ணங்களில்தான் விடை கொடுக்கும் என்பதுதான் பயங்கரம். படம் அசிங்கமாக வந்தாலாவது சந்தேகப்படலாம். அழகாக வந்தால் யார் சந்தேகப்படுகிறார்கள்? ஆபீஸ்களில் பெரிய அதிகாரிகள் வர்ணப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள் என்றும், வலையைக் காட்டு என்று கேட்பவர்கள் குறைவு என்றும் அந்தப் பெண் வருத்தப்பட்டாள். எந்த ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை. எல்லா ஆபீஸிலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

சுரங்கத்துச் சுவருக்கு மூன்று வலை போட்டுப் பார்த்திருந்தாள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் விடை கணிசமாக மாறிற்று. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஏறக்குறைய மாறவே இல்லை. வளையல் கணக்கு மாதிரியே அடங்கிவிட்டது. எனக்கு ஒரே குதூகலம். "முடிந்ததா?" என்றேன்.

"இங்கே பாருங்கோ" என்று தூணின் அடியைக் காட்டினாள். தூணும் அஸ்திவாரமும் சேருகிற உட்பக்க மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. முதல் வலையில் இருந்ததைவிட இரண்டாவதில் அழுத்தம் ஜாஸ்தி. மூன்றாவதில் அதைவிட ஜாஸ்தி. வலையை நெருக்க நெருக்க ஏறிக்கொண்டே போகிறது, அடங்கவே இல்லை.

இது என்ன கூத்து? ரவிக்கைத் துணியில் கழுத்தைக் கூர்மையாக வெட்டினால், அந்த முனையிலிருந்துதானே துணி கிழிய ஆரம்பிக்கிறது? உட்பக்கமாகக் கூர்மையான மூலையில் அழுத்தமெல்லாம் வந்து குவிகிறது. கணக்கில் அந்த மூலை கத்தி முனையைவிடக் கூர்மை. எவ்வளவு நெருங்கினாலும் கூர்மை. ஆகவே விடைக்கு முடிவே கிடையாது. நிஜத்தில் எந்தக் கொத்தனார் கட்டிய மூலையும் அவ்வளவு கூர்மையாக இருக்காது, கொஞ்சமாவது மழுங்கியிருக்கும். அந்த மழுங்கலை உருவத்தில் வைக்காமல் விட்டது தப்பு. வலையில் தப்பில்லை, உருவத்திலேயே தப்பு. ஆரம்பத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

அவள் அலுத்துக்கொள்ளவில்லை. மூலையை வளைத்துச் சரிசெய்தாள். அந்த வளைவின்மேல் பொடித் துண்டுகளை நிரப்பினாள். பக்கத்தில் ஒரு நசுங்கின சமோசாவைக் கண்டுபிடித்து அதன் மூலையை ஒரு நூல் தள்ளிவைத்தாள். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது: "ரசம் ஆறிப்போகிறது! அந்த முக்கோணம் எங்கே ஓடிவிடப் போகிறது?"

"இதோ வந்துட்டேம்மா. இன்னும் ஒரே ஒரு தரம்" என்று சொல்லிக்கொண்டே கணக்கை ஓடவிட்டுவிட்டு எழுந்தாள்.

நான் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். மணி ஒன்பது. அண்ணா சாலையில் வண்டிகளின் இரைச்சல் இன்னும் ஓயவில்லை. கீழே, நந்தனத்திலிருந்து தேனாம்பேட்டைக்கு ஒரு ரயில் வந்துகொண்டிருக்கும்.